வெண்ணெயில் மட்டும் கை வைக்காதே

அன்புள்ள வாசுகி,

நீ அனுப்பிய குரல் செய்திகளை எல்லாம் கேட்டேன். பின்னால் மிக்ஸி ஓடுகிறது, உன் மாமியார் யாரையோ திட்டுகிறார், நடுவில் நீ "ஷ்டோலன் ரெசிபி அனுப்புடி, கிறிஸ்துமஸுக்கு ஆர்டர் எடுத்துட்டேன்" என்கிறாய். இந்த ஜெர்மன் கிறிஸ்துமஸ் பழ ரொட்டிக்கு முதலில் ஆர்டர், அப்புறம் ரெசிபி! செமினாருக்குப் பெயர் கொடுத்துவிட்டு முந்தின நாள் ராத்திரி புத்தகம் தேடிய அதே வாசுகி. போனில் சொன்னால் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு மீதியை உன் இஷ்டத்துக்குச் செய்வாய். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டு.

இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்கு சிப் ஃபேக்டரியில் மறுபடி ஷிப்ட் மாறியிருக்கிறது. சின்னவள் அண்ணனோடு ஜெர்மனில் சண்டை போடுகிறாள், பசித்தால் மட்டும் தமிழ் வருகிறது. டிரெஸ்டனில் நவம்பர் வந்துவிட்டால் நாலரை மணிக்கெல்லாம் இருட்டு. கால்குலேட்டர் அக்கா லண்டனிலிருந்து பேசினாள். நீ அவளுக்கு இன்னும் அந்த டிபன் பாக்ஸ் தர வேண்டுமாம், மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கீழ்வீட்டு ஓமாவைத் தெரியும் இல்லையா? ஓமா என்றால் ஜெர்மனில் பாட்டி. போட்டோவைப் பார்த்து "யாருடி இந்த வெள்ளைக்கார ஆத்தா" என்று கேட்டாயே, அவர்தான். போன மாதம் படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் பிரித்துவிட்டார்கள், ஆனால் கையில் பலம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறி வந்து கதவைத் தட்டினார். உட்காரக்கூட இல்லை. "இந்த வருஷம் எங்கள் வீட்டு ஷ்டோலனை நீ பிசைந்து தருவாயா?" என்று கேட்டார். அவருடைய அம்மா கையால் எழுதிய அளவு அது. சொந்த மருமகளுக்கே வாயால் சொன்னதோடு சரி, பேப்பரைக் கொடுத்ததில்லை. எனக்குப் பேச்சே வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் வீட்டு அடுக்களையில்தான் செய்தோம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் பிசைந்தேன். தொடங்கும்போதே ஒரு சின்னத் தகரத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். கட்டைவிரல் நீளம், கீழே குத்துவதற்கு ஒரு கூர்முனை, மேலே அவருடைய பிறந்த வீட்டுப் பெயர் புள்ளி புள்ளியாகத் தட்டியிருக்கிறது. சூட்டில் வெந்து வெந்து கறுத்துப்போயிருந்தது. அந்தக் காலத்தில் இங்கே பெண்கள் மாவு, வெண்ணெய், திராட்சை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தெருமுனை பேக்கரிக்குப் போவார்களாம். அங்கே அந்தப் பெரிய அடுப்பில் சுட்டு வாங்கி வருவார்கள். அத்தனை வீட்டு ஷ்டோலனும் ஒரே அடுப்புக்குள் போனால் எது யாருடையது? அதற்குத்தான் இந்தப் பெயர்த் தகடு. பக்கத்து வீட்டுக்காரி குறைவாக வெண்ணெய் போட்டதை நம் தலையில் கட்டிவிடக் கூடாதே என்று ஓமா சொன்னபோது உன் ஞாபகம்தான் வந்தது, ஏனென்று கீழே சொல்கிறேன்.

உன் முதல் கேள்வி, டூட்டி ஃப்ரூட்டி போடலாமா என்பது. தாராளமாகப் போடு. ஓமாவிடம் கேட்டேன். நம் ஊரில் பப்பாளிக்காயைச் சர்க்கரைப்பாகில் ஊறவைத்துக் கலர் ஏற்றி விற்கிறோம் என்றதும் அவருக்கு ஒரே சிரிப்பு. அவருடைய பாதி வாழ்க்கை கிழக்கு ஜெர்மனியில் போனது. அங்கே அப்போது எலுமிச்சைத் தோல், ஆரஞ்சுத் தோல் மிட்டாய் லேசில் கிடைக்காது. அதனால் கேரட்டையும் பச்சைத் தக்காளியையும் பாகில் ஊறவைத்து அதற்குப் பதிலாக விற்றிருக்கிறார்கள். கண்டினாட் என்று பெயர். கேரட்டில் செய்தது கண்டினாட் எம், தக்காளியில் செய்தது கண்டினாட் டி. பண்டிகை வந்தால் மனிதர்கள் எதையாவது கண்டுபிடித்துப் பலகாரம் செய்துவிடுகிறார்கள், எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு. மேற்கில் சொந்தக்காரர்கள் இருந்தால் திராட்சையும் பாதாமும் பார்சலில் வரும். பெட்டிமேல் "பரிசுப் பொருள், வணிகச் சரக்கு அல்ல" என்று எழுதியே ஆக வேண்டும். ஓமாவுக்கு மேற்கு ஜெர்மனியிலிருந்து சித்தி மகள் அனுப்புவாளாம். பதிலுக்கு இங்கிருந்து சுட்ட ஷ்டோலன் அந்தப் பக்கம் போகும். திராட்சையாகப் போய் ஷ்டோலனாகத் திரும்பி வந்தது என்று அவளும் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறாள். அதனால் பப்பாளிக்காய்க்கு வெட்கப்படாதே. முடிந்தால் சாத்துக்குடித் தோலையும் எலுமிச்சைத் தோலையும் வீட்டிலேயே பாகில் போட்டு அதோடு பாதிக்குப் பாதி கலந்துகொள். கசப்பு கொஞ்சம் வேண்டும், வெறும் இனிப்பு திகட்டும்.

இரண்டாவது கேள்வி. வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி போட்டால் விலை கட்டுப்படியாகும் என்று உன் கொழுந்தனார் சொன்னதாகச் சொன்னாய். வாசுகி, இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். இந்த ஊர்க்காரர்கள் வெண்ணெய்க்காகப் போப்பாண்டவரோடு மல்லுக்கட்டியவர்கள் தெரியுமா? கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள் அப்போது விரத காலம். வெண்ணெய் ஆகாது. மாவு, ஈஸ்ட், தண்ணீர், எண்ணெய், அவ்வளவுதான் ஷ்டோலன். வாயில் வைக்க விளங்காது. டிரெஸ்டன் இருக்கிற இந்த சாக்சனிப் பகுதியை ஆண்டவர்கள் ரோமுக்கு எழுதிக் கேட்டார்கள். மறுத்துவிட்டார்கள். மறுபடி கேட்டார்கள். கடைசியில் 1491-இல் எட்டாம் இன்னொசென்ட் என்ற போப் வெண்ணெய் போட்டுக்கொள்ள அனுமதித்தார், அதுவும் தேவாலயக் கட்டுமானத்துக்குப் பணம் கட்டச் சொல்லி. அதற்கு வெண்ணெய்க் கடிதம் என்றே பெயர். இன்றைக்கும் டிரெஸ்டன் ஷ்டோலன் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் வனஸ்பதி மாதிரியான மார்ஜரின் போடக் கூடாது, செயற்கை வாசனையும் கூடாது. 2010-லிருந்து ஐரோப்பிய யூனியனின் புவிசார் குறியீடும் இருக்கிறது. நீ கோவையில் சுடுவதற்கு அந்தப் பெயர் போட முடியாது, வெறும் ஷ்டோலன் என்று மட்டும் லேபிள் ஒட்டு. ஆனால் அளவு அவர்களுடையதாகவே இருக்கட்டும். மாவு நூறு பங்கு என்றால் வெண்ணெய் ஐம்பது, திராட்சை அறுபத்தைந்து, பழத்தோல் இருபது, பாதாம் பதினைந்து. வெண்ணெய் போட்டால்தான் அது வாரக்கணக்கில் மெத்தென்று நிற்கும். வனஸ்பதி போட்டால் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும். உனக்கே பிடிக்காததை ஊருக்கு எப்படி விற்பாய்?

இன்னொரு நல்ல செய்தி, இதற்கு முட்டையே தேவையில்லை. உன் வெஜ் கஸ்டமர்களிடம் தைரியமாகச் சொல்லலாம்.

இப்போது அளவு, கவனமாகப் படி. மைதா 500 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 250, திராட்சை 325, தோலும் டூட்டி ஃப்ரூட்டியும் சேர்ந்து 100, நறுக்கின பாதாம் 75, சர்க்கரை 75, பால் 150 மில்லி, உலர் ஈஸ்ட் 14 கிராம், எலுமிச்சைத் தோல் துருவல், உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காயும் ஜாதிபத்திரியும் வாசனைக்கு. இங்கே கசப்புப் பாதாம் சேர்ப்பார்கள். அங்கே கிடைக்காது, ஆல்மண்ட் எசென்ஸ் ஒரு சொட்டு விடு, போதும். திராட்சையை முந்தின நாளே ரம்மில் ஊறவை. வேண்டாம் என்பவர்களுக்கு ஆரஞ்சு ஜூஸ். இரண்டையும் தனித்தனி டப்பாவில் வைத்துப் பெயர் எழுது, மாறிப்போனால் உன் மாமியாரை என்னால் சமாளிக்க முடியாது.

வெதுவெதுப்பான பாலில் ஈஸ்டைக் கரைத்து, மாவில் கால்பங்கு மட்டும் சேர்த்துப் பிசைந்து முதலில் பொங்கவிடு. இதைத் தாண்டிக் குதிக்காதே. இவ்வளவு வெண்ணெயும் சர்க்கரையும் ஒரே நேரத்தில் விழுந்தால் ஈஸ்ட் மூச்சுத் திணறிப்போகும். அதற்குப் பலம் வந்த பிறகுதான் மீதி மாவு, வெண்ணெய், மசாலா. நன்றாகப் பிசைந்து மறுபடி மூடி வை. பழங்கள் கடைசியில், ஈரத்தை வடித்துவிட்டு. சேர்த்தபின் ரொம்பப் பிசையாதே, திராட்சை நசுங்கினால் மாவு சாம்பல் நிறமாகிவிடும். உங்கள் ஊர் வெயிலுக்கு மாவு சீக்கிரம் பொங்கும், கடிகாரத்தைப் பார்க்காதே, மாவைப் பார். இரண்டாகப் பிரித்து, நீளமாகத் தட்டி, ஒரு பக்கத்தை மேலே மடித்துப் போடு. துணியில் சுற்றின குழந்தை இயேசுவின் உருவம் என்று இங்கே சொல்வார்கள். மேலே துருத்திக்கொண்டிருக்கும் திராட்சையை எல்லாம் கிள்ளி எடுத்துவிடு, கருகிக் கசக்கும். ஓமா என்னைச் சும்மா நிற்க வைத்து இதை மட்டும் அவரே இடது கையால் செய்தார். ஒவ்வொன்றாக. ஒன்றைக்கூட விடவில்லை.

180 டிகிரியில் முக்கால் மணி நேரம் வைத்துப் பார். உன் ஓடிஜி ஓவனில் மேல்கம்பி சூடு அதிகம், நிறம் வந்ததும் அலுமினியத் தாளால் மூடு. வெளியே எடுத்த சூட்டோடு உருக்கின வெண்ணெயைத் தடவு. குடித்துக்கொண்டே இருக்கும், தடவிக்கொண்டே இரு. அப்புறம் சர்க்கரை, ஆறினதும் பொடித்த சர்க்கரை கனமாக. அந்த வெள்ளைப் போர்வைதான் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கிறது.

அப்புறம் தொடக் கூடாது. இங்கே சுற்றிக் கட்டி, சில்லென்ற நிலவறையில் இரண்டு மூன்று வாரம் வைப்பார்கள். அதிரச மாவைப் பிசைந்த அன்றே சுடாமல் மூடி வைக்கிறோமே, அந்தப் பொறுமைதான். பழத்தில் உள்ள ஈரமும் வாசனையும் மெல்ல மாவுக்குள் இறங்க வேண்டும். உனக்கு நிலவறை இல்லை, அதனால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு வாரம் வை, அது போதும். கொடுக்கும் நாளில் மேலே இன்னொரு தடவை சர்க்கரை சலித்துவிடு, ஈரக்காற்றில் முதல் சர்க்கரை கரைந்திருக்கும். வெட்டும்போது ஓரத்திலிருந்து வெட்டாமல் நடுவிலிருந்து வெட்டி, மீதி இரண்டு துண்டையும் ஒட்டி வைக்கச் சொல், காயாது. இதை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போடு.

குழந்தைகளுக்கு ஒரு கதை வேண்டுமானால் சொல். 1730-இல் சாக்சனியை ஆண்ட ஆகஸ்ட், பலசாலி ஆகஸ்ட் என்று பட்டம், பெரிய ராணுவ விருந்து வைத்து 1.8 டன்னில் ஒரே ஷ்டோலன் சுடச் சொன்னாராம். அதன் ஞாபகமாக 1994-லிருந்து டிசம்பரில் இங்கே ஒரு திருவிழா. டன் கணக்கில் ஒரு ஷ்டோலனை ஊர்வலமாக இழுத்து வந்து வெட்டி விற்பார்கள். 1434-லிருந்து நடக்கும் கிறிஸ்துமஸ் சந்தையில்தான். போன வருஷம் சின்னவள் இவர் தோளில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இதற்கு எத்தனை அம்மா பிசைந்தார்கள் என்று கேட்டாள்.

இப்போது நான் நிஜமாகவே சொல்ல வந்தது. ராத்திரி ஒரு மணிக்குத்தான் ஓவன் ஃப்ரீ ஆகிறது என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பகலில் அப்பாவோடு ஆஸ்பத்திரி, சாயங்காலம் பிள்ளைகள், ராத்திரி முழுக்க ஓவன் முன்னால். இப்படி எத்தனை நாள் ஓட்டுவாய்? வனஸ்பதி என்ற பேச்சே அங்கிருந்துதான் வருகிறது. ஆர்டர் நிறைய எடுத்ததால் விலையைக் குறைக்க வேண்டியிருக்கிறது, விலையைக் குறைத்ததால் இன்னும் ஆர்டர் எடுக்க வேண்டியிருக்கிறது. தயவுசெய்து பாதி பேருக்கு இந்த வருஷம் இல்லை என்று சொல். சின்ன அளவில் செய், முழு விலை வாங்கு. நல்ல வெண்ணெய் போட்டு மனதார உழைத்ததற்கு விலை கேட்க நீ தயங்குகிறாய், கல்லூரியிலும் இப்படித்தான், எல்லோருக்கும் ரெக்கார்டு எழுதிக் கொடுத்துவிட்டு உனக்கு ராத்திரி உட்கார்ந்து எழுதுவாய். உணவுப் பாதுகாப்புக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு நம்பரை லேபிளில் போட மறக்காதே. கொழுந்தனார் மறுபடி கணக்குச் சொன்னால் என்னிடம் போன் போட்டுக் கொடு.

அப்பாவின் ஸ்கேன் ரிசல்ட் வியாழக்கிழமை வரும் என்றாய். வந்ததா? டாக்டர் என்ன சொன்னார்? ரெசிபி சரியாக வந்ததா இல்லையா என்பதெல்லாம் அப்புறம், முதலில் அதை எழுது. பணம் எதுவும் தேவையென்றால் சுற்றி வளைக்காமல் சொல்.

உன்,
மல்லிகா