வாயைத் திறந்து தும்மச் சொன்ன அக்காவுக்கு

நெற்றிச் சைனஸில், அதாவது நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறையில், எனக்குத் திரும்பத் திரும்பச் சீழ் கட்டி, குனிந்தாலே புருவத்துக்கு மேல் விண்ணென்று தெறிக்கும். போன மாதம் எண்டோஸ்கோப்பி அறுவை சிகிச்சை. மூக்கு வழியாகவே போய், அடைத்திருந்த வடிகால் பாதையைத் திறந்துவிட்டார்கள். நெற்றியில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் இந்த நன்றி அன்று இரவுப் பணியில் இருந்த நர்ஸ் அக்காவுக்கு. மயக்கம் சரியாகத் தெளியாத நிலையில் பெயர் கேட்கத் தோன்றவில்லை. தும்மல் முட்டியது, மூக்கைப் பொத்தப் போனேன். கையைத் தட்டிவிட்டு, "வாயைத் திறந்து தும்முங்க. டாக்டர் சொல்ற வரைக்கும் மூக்கைச் சிந்தவே கூடாது" என்றார். அப்புறம், வீட்டில் மூக்கைக் கழுவ உப்புக் கரைசலைக் கொதித்து ஆறிய நீரில்தான் கலக்க வேண்டும், குனிந்து வாயால் மூச்சுவிட வேண்டும் என்று நடித்தே காட்டினார். பத்தாம் நாள் காய்ந்த பொருக்கு ஒன்று தொட்டியில் விழுந்தபோது நான் பதறவில்லை. அதையும் முன்பே சொல்லியிருந்தார். நன்றி அக்கா, இப்போது குனிந்துதான் செருப்பு வார் மாட்டுகிறேன்.