ஆற்றங்கரைக் களையெடுப்பில் நாமும் சேரலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நம் சிங்கப்பூரின் பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயாகக் கிடந்த காலாங் ஆறு, 2012ல் 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாறியது. இப்போது அங்கே நீர்நாய் பார்க்கப் பேரப்பிள்ளைகளுடன் போகிறோம். இப்படிப்பட்ட கரைகளையும் அவற்றை ஒட்டிய காடுகளையும் அந்நியச் செடிகளிடமிருந்து காப்பாற்றுவது அரசாங்கத்தின் வேலை மட்டும்தானா?

ஸான்ஸிபார் வள்ளிக்கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் வெற்றிலைக்கொடி மாதிரி அழகாகத்தான் இருக்கும். ஆனால் மரத்தின் மேலேறி வெயிலை மறைத்து, இளங்கன்றுகளை மூச்சுத்திணற வைத்துவிடும். வெட்டிவிட்டால் போகாது. மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. கணுக்களில் காய்க்கும் குட்டிக் கிழங்குகள் உதிர்ந்து புதுக்கொடிகளாகும். அவற்றைக் குனிந்து பொறுக்க வேண்டும், மறுபடி மறுபடி வர வேண்டும். அதற்கு இயந்திரத்தைவிடப் பல கைகள்தான் வேண்டும்.

நம் சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்கள், பள்ளிகள், கோயில் தொண்டூழியர்கள் ஆளுக்கொரு பகுதியைப் பொறுப்பேற்கலாமே. தாமாகப் பிடுங்கக்கூடாது, தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியோடும் வழிகாட்டுதலோடும்தான். அப்புறம், களையெடுத்த இடத்தில் நீர்ப்பருத்தி, உதளை போன்ற இவ்வூர் மரங்களை நடலாம்.

இன்னொன்று, மீன்தொட்டிச் செடிகளையும் ஆகாயத்தாமரையையும் தயவுசெய்து ஆற்றில் வீசாதீர்கள். தோட்டவேலை தெரிந்த மூத்தோர் நம்மிடையே நிறையப் பேர். செயற்குழுக்கள் அவர்களை முதலில் அழைக்கட்டும்.

இப்படிக்கு,
அங் மோ கியோ வாசகர்