சபரிமலைப் பாதையில் காலொடிந்த எழுத்துகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கார்த்திகை நெருங்குகிறது. கம்பம், கூடலூர் தொடங்கி குமுளி, வண்டிப்பெரியாறு வரை சாமிமார்களை எதிர்பார்த்துப் புதுப் பலகைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. வழக்கம்போல் பலவற்றில் தமிழ் காலொடிந்து நிற்கும். ‘மலையாளிக்குத் தமிழ் தெரியவில்லை’ என்று யாராவது உங்களுக்கு எழுதவும் செய்வார்கள். எழுதிக் கொடுத்தவருக்குத் தமிழ் பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு போகும் வழியில்தான் எழுத்து உடைகிறது.

வண்டிப்பெரியாறு என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘பெ’ என்பது முதலில் ‘ப’, பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் நகர்த்திக் காட்டுவது மென்பொருளின் வேலை. அது தெரியாத மென்பொருளில் கொம்பு ‘ப’வைத் தாண்டிப் போய் ‘ரி’யின் முன்னால் ஒட்டிக்கொள்ளும். வடிவமைக்கும் மென்பொருள்களில், போட்டோஷாப்பின் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி லேஅவுட்’டைத் தேர்ந்தால் இது சரியாகிவிடும். இல்லஸ்ட்ரேட்டரில் ‘இண்டிக்’ வசதியை முதலில் இயக்க வேண்டும். பிறகு ‘சவுத் ஏசியன் கம்போசர்’. கோரல்டிராவில் 2012இல் வந்த எக்ஸ்6 பதிப்பிலிருந்துதான் நம் எழுத்துகளுக்கு முறையான ஆதரவு உண்டு. அதற்கு முந்தைய பதிப்பை வைத்துக்கொண்டு யூனிகோடை ஒட்டினால் உடையத்தான் செய்யும்.

அதனால்தான் பல அச்சகங்கள் இன்னும் தமிழில் பாமினி என்ற பழைய எழுத்துருவையும் மலையாளத்தில் எம்எல்-டிடி வகை ஃபாண்ட்களையும் விடவில்லை. அவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்தில் நம் எழுத்தின் உருவம் உட்கார்ந்திருக்கும். ஃபாண்ட் இல்லாத கணினியில் திறந்தால் ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். எந்த ஃபாண்டானாலும் அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்தைக் ‘கர்வ்ஸ்’ ஆக, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றுங்கள். கோரலில் கண்ட்ரோல் கியூ. ஆனால் திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியாக வைத்திருங்கள். கர்வ்ஸ் ஆனபின் ஒரு புள்ளியைச் சேர்க்கக்கூட அந்த எழுத்தை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டிவரும்.

மலையாளத்துக்கும் இதே கதிதான், நம்மவர்கள் கையில். ‘ன்’, ‘ல்’ போன்ற, உயிரில்லாத மெய்யைத் தனி உருவில் காட்டும் சில்லெழுத்துகளுக்கு யூனிகோடில் தனிக் குறியீடு 2008இல்தான் வந்தது. அதற்கு முந்தைய முறையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைப்புக் குறி தேவை. வாட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது அந்தக் குறி உதிர்ந்தால் சில்லு போய், தலையில் சந்திரக்கலை (நம் மெய்ப்புள்ளி போன்ற பிறைக்குறி) முளைக்கும். மலையாளம் வாசிப்பவருக்கு அது நமக்கு உடைந்த கொம்பு மாதிரி.

தமிழ்நாட்டுப் பக்கம் கடைப்பெயர்ப் பலகைக்குத் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதம் உண்டு. 4 அடி உயரப் பலகையில் மேலும் கீழும் 4 அங்குலம் விட்டால் மிச்சம் 40. தமிழுக்கு 20, ஆங்கிலத்துக்கு 12, மலையாளத்துக்கு 8. வரி இடைவெளி போக மலையாள எழுத்துக்கு 5 அங்குலம் கிடைத்தால் பெரிது. ஓரங்குல எழுத்தை 10 அடி தூரத்திலிருந்து படிக்கலாம் என்பது தொழிலில் உள்ள கணக்கு. அப்படியானால் அந்த வரி 50 அடிக்கு. மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டி 3 நொடியில் ஏறத்தாழ 110 அடி கடந்துவிடும். ஆகவே மூன்றாம் மொழியில் முழு வாக்கியத்தைத் திணிக்காதீர்கள். ‘சாப்பாடு’, ‘பார்க்கிங்’ என ஒரு சொல் போதும். உயரத்தை ‘ப’ போன்ற மொட்டை எழுத்தை வைத்து அளக்கவும். ‘கீ’யின் சுழியையும் ‘மூ’வின் வாலையும் சேர்த்து அளந்தால் கணக்கு ஏமாற்றும். அந்தச் சுழிக்கும் வாலுக்கும் இடம் வேண்டுமென்பதால், ஆங்கிலத்துக்குப் போதுமான, எழுத்தளவில் 120 சதவீத வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. 140க்குக் குறையாமல் வையுங்கள்.

மூன்று மொழியும் ஒரே குடும்பமாகத் தெரிய வேண்டுமானால் பலூ எழுத்துருக்களைப் பாருங்கள். தமிழுக்குப் பலூ தம்பி, மலையாளத்துக்குப் பலூ சேட்டன், தெலுங்குக்குப் பலூ தம்முடு. பெயர் வைத்தவர் ரசிகர்தான். மூன்றும் இலவசம், தடிமனும் ஒத்துப்போகும். ஆந்திராவிலிருந்தும் சாமிமார்கள் வரும் பாதையில் தம்முடுவும் வேலைக்கு ஆகும்.

கேரளத்தில் பிவிசி ஃபிளெக்ஸுக்குத் தடை இருப்பதால் குமுளிப் பக்கம் துணியில் அடிக்கிறார்கள். துணி மையைக் குடிக்கும். நிறம் ஒரு படி மங்கும், ‘ஞ’, ‘ணை’ போன்றவற்றின் சிறு சுழிகள் அடைபடும். மெல்லிய நிழல், இரட்டை ஓரக்கோடு எல்லாம் துணியில் வேண்டாம்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள். அகலம் ஏறத்தாழ 1600 புள்ளிக்கு (பிக்சல்) சுருங்கிவிடும். 10 அடி என்பது 120 அங்குலம். அங்குலத்துக்கு 13 புள்ளிதான் மிஞ்சும். குறைந்தது 72 வேண்டும், அதாவது 8640 புள்ளி. ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் சுருங்காது. சட்டத்தில் மடித்து அடிக்க நாற்புறமும் 3 அங்குலம் விடாமல், தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கத்தை ஆணிக்குப் பலி கொடுத்தவர்கள் இங்கே நிறைய.

கணினி காட்டிக்கொடுக்காத பிழை ஒன்று உண்டு. மலையாளத்தில் ‘ஊண்’ என்றால் சாப்பாடு, ‘பச்சக்கறி’ என்றால் காய்கறி, ‘வெள்ளம்’ என்றால் தண்ணீர். ஒலியை அப்படியே தமிழில் எழுதினால், விரதமிருக்கும் சாமி ‘ஊன் தயார்’, ‘பச்சைக்கறி’ என்று படித்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவார். எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருளுக்கு இரண்டுமே சரியான தமிழ்ச் சொற்கள்!

அச்சுக்குப் போகும் முன் ப்ரூஃபை ஏ4 தாளில் எடுத்து, அந்தந்த மொழி வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம், எழுதிக் கொடுத்த மூலத்தைக் காட்டாமல், வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மூலம் கையில் இருந்தால் கண் அதைத்தான் படிக்கும்.

இப்படிக்கு,
பலகை வடிவமைப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள்,
குமுளி.