ஆற்றுப்பாலத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

கோயில் பாலத்தின் மராமத்து முடிந்து வண்டிகள் ஓடுகின்றன. கைப்பிடிச் சுவர், மழைநீர்க் குழாய், எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட், வெள்ளையடிப்பு எல்லாம் ஒப்பந்தப்படி முடிந்தன. மற்ற எதைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை. பாரம் ஏற்றிப் பாலம் எவ்வளவு தாழ்கிறது, எப்படி அதிர்கிறது என்று கரையிலிருந்து அளந்த லேசர் சோதனையை மட்டும் எல்லோரும் கேட்டார்கள். ஆகவே அதையே எழுதுகிறோம்.

டயல் கேஜ் (பாலத்தைத் தொட்டு அளக்கும் முள் கருவி) போதாதா என்பது முதல் கேள்வி. கேஜ் வைக்க ஆற்றுக்குள்ளிருந்து சாரம் கட்ட வேண்டும். ஓடும் தண்ணீரில் சாரமே ஆடும். பால அசைவோடு சாரத்தின் அசைவும் சேர்ந்து பதிவாகும். லேசர் கருவி கரையிலேயே நிற்கும்.

ஒரு கருவிக்கு இரண்டு கருவி எதற்கு, தண்டச்செலவு என்றார்கள். லேசர் வைப்ரோமீட்டர் அசைவின் வேகத்தைத்தான் அளக்கும். அதைக் கூட்டிக் கூட்டித் தூரமாக மாற்றும்போது சிறு பிழையும் நேரம் ஆக ஆகப் பெருகும். டிப்பர் ஓடும் சில விநாடிகளுக்கு அது சரி. 24 மணி நேரப் பாரச் சோதனைக்கு உதவாது. அதற்குத்தான் டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவி). 1 விநாடிக் கோணத் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) துல்லியமுள்ள கருவிக்கு 60 மீட்டர் தூரத்தில் 0.3 மி.மீ. பிழை வரலாம். 'நூறில் ஒரு மில்லிமீட்டர்' என்று கொட்டேஷனில் கண்டது வைப்ரோமீட்டருக்கு மட்டுமே பொருந்தும் என்பதை அன்றே எழுதி வாங்கினோம்.

இனி ஒப்பந்தக்காரரோடு வந்த தகராறு. பாலத்தின் கண் (இரு தாங்கல்களுக்கு இடைப்பட்ட நீளம்) 18 மீட்டர். எடைமேடைச் சீட்டுடன் 25 டன் டிப்பர்கள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்த வேண்டும். சாலை, பாலங்களுக்கு விதி வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரசின் எஸ்.பி. 51 விதிப்படி பாரம் 24 மணி நேரம் நிற்க வேண்டும். இறக்கி 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஆர்.சி.சி. (கம்பி கட்டிய கான்கிரீட்) பாலம் தாழ்ந்ததில் 75 சதவீதமாவது மீண்டிருக்க வேண்டும். முதல் சோதனையில் 6.9 மி.மீ. தாழ்ந்தது, 2.8 திரும்பவில்லை. மீட்சி 59 சதவீதம். 'பாலம் தோற்றது' என்ற செய்தி அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது.

தோற்றது பாலமல்ல. முதல் இரண்டு நாளும் நல்ல வெயில். மேல்தளம் சூடேறி விரிந்து, தளத்தைத் தாங்கும் உத்தரமான கர்டரின் நடு மேலே எழும்பியிருந்தது. மூன்றாம் நாள் மழை. தளம் குளிர்ந்ததும் எழும்பியது இறங்கி, திரும்பாத தாழ்வுபோலப் பதிவாகிவிட்டது. ஒன்றரை மீட்டர் ஆழக் கர்டரில் மேலுக்கும் கீழுக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தாலே இந்தக் கண்ணில் சுமார் 2.7 மி.மீ. வரும். பாரம் ஏற்றுமுன் ஒரு நாள் முழுக்க மணிக்கொரு முறை வெப்பமும் அளவும் குறிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் குறிக்கவில்லை. இரண்டாம் சோதனைக்கான டிப்பர் வாடகையையும் கருவி வாடகையையும் நம் தலையில் கட்டப் பார்த்தார்கள்: மழைக்கு நாங்கள் பொறுப்பா என்றார்கள். மழைக்கு இல்லை, குறிப்பேட்டுக்குப் பொறுப்பு என்றோம். நான்கு கூட்டம், இரண்டு வக்கீல் கடிதம். கடைசியில் கருவி வாடகை அவர்களுடையது, டிப்பர் வாடகையில் பாதி நம்முடையது. முழுதும் மறுத்திருக்கலாம் என்பவர்கள் அந்தக் கூட்டங்களுக்கு வந்திருக்கலாம்.

இரண்டாம் முறை கரைச் சேற்றில் கருவியின் ஸ்டாண்டு நிற்கவில்லை. கான்கிரீட் மேடை போட்டோம். பாலத்தோடு ஒட்டாத கிணற்றுச் சுவரில் ஒளியைத் திருப்பும் ஒப்பீட்டுப் பிரிசம் வைத்து, கருவி நகரவில்லையா என்று ஒவ்வொரு அளவுக்கும் முன் அதைப் பார்த்தார்கள். டிப்பர்களில் பாரமாக ஏற்றிய எம்-சாண்ட் (ஆலை மணல்) நனைந்து எடை கூடாதிருக்கத் தார்ப்பாய் போர்த்தினோம். வெயிலுக்கு முந்திய வேளை அளவுகளையே ஒப்பிட்டார்கள். தாழ்வு 6.8, மிச்சம் 0.9, மீட்சி 87 சதவீதம்.

பாலத்தின் இயல்பு அதிர்வு முன்பு விநாடிக்கு 5.4 முறை, இப்போது 4.8. பலம் குறைந்ததா என்று இன்னும் கேட்கிறார்கள். கர்டர் முனைகள் உட்காரும் பழைய இரும்பு பேரிங்குகள் துருப்பிடித்து முனைகளை இறுகப் பிடித்திருந்தன. பிடித்த கம்பி வேகமாக அதிரும். ஜாக்கி வைத்துத் தூக்கிப் புது ரப்பர் பேரிங் போட்டதும் முனைகள் விடுபட்டன. பொறியாளர் முன்கூட்டிப் போட்ட கணக்கு 4.7. வைப்ரோமீட்டரைச் சாய்வாக வைத்தால் அசைவின் ஒரு பங்குதான் தெரியும் (செங்குத்துக்கு 60 டிகிரி சாய்ந்தால் சரிபாதி), ஆனால் அதிர்வு எண் மாறாது. 'கருவி கோணல், அதனால் குறைந்தது' என்ற பேச்சு இங்கே நிற்காது.

உபயம்: பேரிங்குகள் - சிங்கப்பூர்க் குடும்பத்தார்; சிமெண்ட் - மேலத்தெரு இரும்புக்கடை; கான்கிரீட் மேடை - கொத்தனார்கள், ஒரு நாள் கூலியில்லாமல்; தார்ப்பாய் - நெல் மண்டி; சோதனை நடந்த நாள்களின் சாப்பாடு - கீழத்தெரு மகளிர் குழு; மின்சாரம் - ரைஸ் மில்; பெயர் வேண்டாமென்று கவர் கொடுத்தவர் மூவர். விடுபட்டவர்கள் பொறுத்தருளி, கல்வெட்டு வெட்டுமுன் சொல்லுங்கள்.

ஒப்பந்தக்காரருக்குத் தர வேண்டியதில் பிடித்து வைத்த 5 சதவீதம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. அடுத்த மழைக்காலம் கழிந்தபின் மறு அளவு எடுத்துத்தான் விடுவோம். கர்டர் அடியில் பளபளக்கும் சதுர டேப்புகள் அந்த அளவுக்கானவை. சுண்ணாம்பைச் சுரண்டாமல் ஒட்டியதில் மூன்று ஏற்கெனவே ஆற்றோடு போயின. மீதியைப் பிள்ளைகள் பிய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு