டிசைனர், டெவலப்பர் வேலைகளுக்கு ஆளெடுக்கும் குழுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

"யுஐ (பயனர் காணும் திரை) டிசைன், ரியாக்ட் (திரைகளை நிரலாக எழுத உதவும் நூலகம்), சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் தெரிந்த ஒருவர் தேவை" என்று விளம்பரம் கொடுக்கிறீர்கள். இருவர் வேலையை ஒருவர் தலையில் கட்டினால் இரண்டும் அரைகுறையாகத்தான் முடியும். ஆளைப் பிரித்துவிட்டு நடுவில் ஃபிக்மா என்ற திரை வரையும் கருவியின் லிங்க்கை மட்டும் விட்டாலும் வேலை ஆகாது. ஒரு துறையில் ஆழம், மற்றதில் வேலைக்கு உதவும் அளவு பழக்கம். இதைக் கேளுங்கள்.

ஒரு "சேமி" பட்டனையே எடுத்துக்கொள்வோம். வரைபடத்தில் பெரும்பாலும் ஒரே நிலைதான் இருக்கும். நிரலில் அதற்கு இயல்பு, சுட்டி மேலே நிற்பது, கீபோர்டு ஃபோகஸ் (டேப் விசையால் பட்டனுக்கு வந்து நிற்பது), அழுத்தம், காத்திருப்பு, முடக்கம் என குறைந்தது ஆறு நிலைகள் வேண்டும். வரையாத ஐந்தை டெவலப்பர் ஊகித்து எழுதுவார், அல்லது விட்டுவிடுவார். காத்திருப்பு விடுபட்டால், நெட் மெதுவாக இருக்கும்போது பயனர் மறுபடி அழுத்துவார். ஒரே பதிவு இரண்டு முறை ஏறும். பட்டனை முடக்கினால் மட்டும் போதாது, மறுபடி வந்த அதே கோரிக்கையைச் சர்வரும் அடையாளம் காண வேண்டும். இதே பட்டனுக்கு ஆங்கிலச் சொல்லை வைத்து 80 பிக்சல் அகலம் குறித்திருந்தால் "மாற்றங்களைச் சேமி" அதில் அடங்காது. அகலத்தைக் கட்டிப்போடாமல் எழுத்தைச் சுற்றிய உள்ளிடைவெளியை மட்டும் குறிக்க, டிசைனருக்கு ஃப்ளெக்ஸ்பாக்ஸ் (பிரவுசர் உறுப்புகளை இடத்துக்கேற்ப அடுக்கும் முறை) எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நிறத்திலும் இப்படித்தான். சாதாரண அளவு எழுத்துக்கு டபிள்யூசிஏஜி (எல்லோரும் பயன்படுத்தும்படி இணையத்தை அமைக்கும் வழிகாட்டி) ஏஏ தரம் கேட்கும், எழுத்துக்கும் பின்னணிக்குமான வேறுபாடு குறைந்தது 4.5:1. வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் 4.54 பெற்றுத் தேறும். 777777 என்றால் 4.48, தேறாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இதைக் கருவியில் சரிபார்க்கும் பழக்கம் இருவருக்குமே வேண்டும்.

டெவலப்பர் படம் வரைய வேண்டாம். இடைவெளி 8, 16, 24 பிக்சல் என்று போகும் இடத்தில் 15 வந்தால் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். நிறத்துக்கும் இடைவெளிக்கும் ஃபிக்மாவில் வைத்த பெயரே நிரலிலும் இருந்தால் இந்தப் பிழை குறையும். அனிமேஷனில் டிசைனர் டெவலப்பரிடம் கேட்டுக்கொள்வது நல்லது: விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு சுமார் 16.7 மில்லிவிநாடிதான். அகலத்தையோ உயரத்தையோ அசைத்தால் பிரவுசர் ஒவ்வொரு ஃபிரேமிலும் பக்க அமைப்பைத் திரும்பக் கணக்கிடும், அந்த நேரத்துக்குள் முடியாவிட்டால் திரை திக்கும். டிரான்ஸ்ஃபார்ம் (பக்க அமைப்பை மாற்றாமல் உறுப்பை நகர்த்தும் சிஎஸ்எஸ் பண்பு) கொண்டு நகர்த்தினால் அந்தச் சுமை இல்லை.

நேர்காணலில் டிசைனரிடம் அல்காரிதம் கேட்காதீர்கள். ஓடும் ஒரு பக்கத்தைக் கொடுத்து, பக்கத்தை அங்கேயே மாற்றிப் பார்க்க உதவும் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸிலேயே இடைவெளியைத் திருத்தச் சொல்லுங்கள். டெவலப்பரிடம் ஒரே நிலை வரைந்த ஒரு திரையைக் காட்டி, என்னென்ன விடுபட்டிருக்கிறது என்று கேளுங்கள். பிழைச் செய்தி, காலியான பட்டியல், மிக நீளமான பெயர் இவற்றைத் தானாகக் கேட்பவரை எடுங்கள்.

எடுத்த பிறகு, வரைபடம் முடியும் முன் டெவலப்பரும், நிரல் முதன்மைத் தொகுப்பில் சேரும் முன் ஓடும் திரையை டிசைனரும் பார்க்கட்டும். முடித்த டிக்கெட்டை (பணிக் குறிப்பை) மட்டும் எண்ணி மதிப்பிட்டால், ஃபோகஸ் நிலைக்காக அரை மணி நேரம் செலவிட்டவர் மந்தமானவராகத் தெரிவார். அடுத்த முறை அவரும் விட்டுவிடுவார். அந்த அரை மணியை ஸ்பிரிண்ட் (குறுகிய காலத் திட்டச் சுற்று) கணக்கிலேயே சேருங்கள்.

இப்படிக்கு,
டிசைனிலும் நிரலிலும் வேலை செய்வோர்