தேர் அன்றைக்கு மட்டும் எப்படி வழி கிடைக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மதுரைக்குள் வண்டி நிறுத்த இடமே இல்லை என்று போன இதழில் வாசகர் ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். இடம் இருக்கிறது ஐயா, எல்லாம் மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகளின் நடுவில்தான் இருக்கிறது, நாம்தான் பிடித்து வைத்திருக்கிறோம்.

மகன் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க நானும் நாத்தனாரும் பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அவருக்கு முழங்கால் வலி என்பதால் விளக்குத்தூணுக்கு ஆட்டோ பிடித்தோம். நடந்தால் 20 நிமிடம். ஆட்டோவில் 35 ஆனது. தெற்குமாசி வீதியில் இரண்டு பக்கமும் டூவீலர், அதை ஒட்டி இன்னொரு வரிசை டூவீலர், அதற்கும் இந்தப் பக்கம் ஒரு கார், உள்ளே டிரைவர் போன் பார்த்துக்கொண்டிருக்கிறார், கேட்டால் "அம்மா கடைக்குள்ள இருக்காங்க, இப்ப வந்துருவாங்க" என்கிறார். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பெரியார் வரை சும்மா வந்துவிட்டு அப்புறம் ஒரு கிலோமீட்டருக்கு 80 ரூபாய் கொடுத்தோம்!

கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரம் சதுரமாகப் போட்ட வீதிகள் சாமி வருவதற்கும் சனம் நடப்பதற்கும் உண்டானவை. ஊர் பெருத்துவிட்டது என்று 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியை மூடியதில்தான் வெளி வீதிகள் கிடைத்தன, விளக்குத்தூணே அவர் நினைவாக நிற்பதுதான். இனிமேல் இடிக்க ஏது சுவர்?

சித்திரை வீதிகளில் வண்டி விடுவதில்லை, கடைகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. சித்திரைத் திருவிழாவில் தேர் சுற்றுகிற அன்று நாலு மாசி வீதியிலும் ஒரு வண்டி நிற்காது. அன்றைக்கு முடிகிறதென்றால் மற்ற நாளிலும் முடியும். கீழமாசி வீதி மளிகை லோடு விடியற்காலையில் இறங்கட்டும், அது அவர்கள் பிழைப்பு. பகலில் யாரும் நிறுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டு, பெரியாரிலிருந்து நாலு மாசி வீதியையும் சுற்றி வர ஒரு மினி பஸ் விட்டால் போதும்.

வியாபாரம் படுத்துவிடும் என்பார்கள். நாங்கள் சேலை எடுத்த கடை வாசலில் 11 வண்டி நின்றது. கேட்டேன், அதில் 7 கடைப் பையன்களுடையது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜெய்ஹிந்துபுரம், மதுரை.