கார்டு இல்லாத கட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின்வேலையில் விபத்து என்றாலே பத்திரிகையில் வருவது ஷாக் அடித்த செய்திதான். வீட்டு வயரிங் எடுத்துச் செய்யும் எங்களுக்கு அன்றாடத் தொல்லை வேறு: கட்டரில் கை வெட்டுப்படுவது. மறக்காமல் மெயினை ஆஃப் செய்கிறவன்கூட, கை விஷயத்தில் அசட்டையாகத்தான் இருக்கிறான்.

சேலத்தில் இப்போது பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை நிறைய. பைப் புதைக்கச் சுவரில் காடி எடுக்க நாலு இஞ்ச் கட்டர்தான். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடுகிற மெஷின் அது. பிளேடு சுவருக்குள் இறுகினாலோ, உள்ளே கிடக்கும் கம்பியில் பட்டாலோ பின்னால் உதைக்கும். ஏணியில் நின்றுகொண்டு ஒற்றைக் கையால் பிடித்திருப்பவன் அப்போது என்ன செய்வான்? “கோடு மறைக்குதுண்ணே” என்று, பிளேடை மறைத்துக் கையைக் காக்கும் மூடியான கார்டை வேறு கழற்றிவிடுகிறார்கள்.

கையுறை வாங்கித் தரக்கூடாதா என்று வீட்டுக்காரர்கள் எங்களைத்தான் கேட்கிறார்கள். சுற்றும் பிளேடுக்குப் பக்கத்தில் தொளதொளத்த நூல் கையுறை இன்னும் ஆபத்து. நூல் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். கார்டும், இரண்டு கைப் பிடியும்தான் முதலில் வேண்டும்.

ஏற்காட்டில் வேலை என்றால், அடிபட்டவனைச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவர இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். துண்டான விரலை நேராக ஐஸில் போடக்கூடாது. ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸ் மேல் வைக்க வேண்டும். சைட்டில் இது தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

அப்புறம் இழப்பீடு. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை. ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்க முடியாத வயர்மேனிடம் மீதி 70 எங்கே இருக்கிறது?

சின்ன ஒப்பந்ததாரர்கள் பலர் கட்டரை நாள் வாடகைக்குத்தான் எடுக்கிறோம். கடையிலிருந்து வரும்போதே பல மெஷினில் கார்டு இருப்பதில்லை. கேட்டால், “எல்லாரும் இப்படித்தான் வாங்கிட்டுப் போறாங்க” என்கிறார்கள். தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிகள் கட்டட சைட்டுகளோடு நிற்காமல் இந்தக் கடைகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும். கார்டு இல்லாத மெஷினை வாடகைக்கு விடக்கூடாது. கார்டோடு கொடுத்ததாகப் பில்லிலும் ஒரு வரி எழுத வேண்டும். அதன் பிறகு யாராவது கழற்றினால் ஒப்பந்ததாரர்கள் எங்களைக் கேளுங்கள், பதில் சொல்கிறோம்.

இப்படிக்கு,
மின் ஒப்பந்ததாரர் ஒருவர்,
அம்மாபேட்டை, சேலம்.